நஷ்டமில்லாத வருடம்

வரி ஆண்டு முடிய ஐந்து நாட்கள் இருந்தபோது, சர்வேயர் பாதித் தலையோடு சலூனை விட்டு எழுந்து வந்தார். வலது காதுக்கு மேலே ஒழுங்காக வெட்டியிருந்தது. இடது பக்கம் போன மாதத்து முடி அப்படியே நின்றது. கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து, நான்காக மடித்து நாற்காலியின் கைமேல் வைத்து, முழு வெட்டுக்கான பணத்தையும் எண்ணி அதன்மேல் வைத்த பிறகுதான் படியிறங்கினார். கோபத்திலும் ஒருவரிடம் பாக்கி வைத்துவிட்டு வருகிற குடும்பம் அல்ல அது.

சலூன்காரர் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கால்பந்துக் கிளப்பின் ரசிகர். இருபது வருடமாகக் கத்தியும் சீப்புமாகத்தான் அவரும் சர்வேயரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று சற்று ஆழமாகக் கீறிவிட்டார்.

“எங்க கிளப்புக்கு இந்த வருஷம் லாபமாம். தெரியுமா?”

“ஆடத் தெரியாதவங்க கணக்குதான் எழுதணும்.”

“சரிதான். ஆனா உங்களுக்கு ஆட்டமும் வரல, கணக்கும் வரலயே? முப்பத்தோரு வருஷமா நஷ்டம்னு ஒட்டுறாங்க. ரொம்ப நாளா ஒண்ணு கேட்கணும்னு இருந்தேன். அந்தக் கணக்குத் தாளுக்கு நேர் மேல உங்க அப்பா பேரைப் பெருசா எழுதியிருக்கே. புதுசா வர்றவன் அந்த நஷ்டமே உங்க அப்பாவோடதுன்னு நினைச்சுக்க மாட்டான்?”

பெஞ்சில் காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். சர்வேயர் எழுந்துவிட்டார்.

அவருடைய அப்பா மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்தவர். நாற்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால், நான்கு தெருப் பிள்ளைகள் பந்து உதைக்க இடமில்லாமல் அலைந்தபோது, ஆலைக்குப் பின்னால் இருந்த முட்புதர்க் காட்டைக் கிளப்பின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்ததோடு நில்லாமல், தன் ஆலை மரத்திலேயே ஒரு கேலரியும் கட்டித் தந்தார். கிளப் நன்றியோடு அதன் நெற்றியில் அவர் பெயரை எழுதியது. பெயருக்குக் கீழே ஒரு அறிவிப்புப் பலகை. அந்தப் பலகையில்தான் ஒவ்வொரு வருடமும் வரவு செலவு ஏறும். நஷ்டம், நஷ்டம், நஷ்டம் என்று முப்பத்தோரு தாள்கள் அங்கே ஏறி இறங்கியிருந்தன. இத்தனை வருடம் அந்தப் பெயரையும் அந்தத் தாளையும் தனித்தனியாகப் பார்த்துப் பழகிய சர்வேயரின் கண்ணில், சலூன்காரர் இரண்டையும் சேர்த்து வைத்துத் தைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவர் போனபோதும் தலை அரைகுறையாகத்தான் இருந்தது. வீட்டில் கண்ணாடி பார்த்துத் தானே வெட்டிக்கொள்ள முயன்றதில் இடது பக்கம் இன்னும் கேவலமாகியிருந்தது. தொப்பி வைத்துக்கொள்ளலாம் என்று மனைவி சொன்னாள். தலையை மறைத்துக்கொண்டு நடக்கிற அளவுக்குத் தான் எந்தத் தவறும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கேலரியின் மூன்றாம் வரிசை அவர்களுடையது. ஓரத்தில் பல் டாக்டர், அடுத்து சர்வேயர், அடுத்து பஸ் டிரைவர், அதற்கடுத்து கிளப்பின் பொருளாளர். பொருளாளர் சர்வேயரின் தங்கை கணவர். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மைத்துனர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிப் பதினொரு வருடம் ஆகிறது. கேலரிக் கூரை ஒழுகியபோது, பெயர்ப் பலகையைக் கழற்றினால்தான் தகரத்தை மாற்ற முடியும் என்று பொருளாளர் பொதுக்குழுவில் ஒரு வார்த்தை சொன்னார். “எங்க அப்பா பேரைக் கழற்றணும்னு என் வீட்டு மாப்பிள்ளையே சொல்றாரா?” என்று கேட்டு உட்கார்ந்த சர்வேயர், அதன்பிறகு அவரிடம் வாய் திறக்கவில்லை. கூரை இன்னும் ஒழுகுகிறது. வீட்டில் தங்கை வழியாகவும் மைதானத்தில் பஸ் டிரைவர் வழியாகவும் பேச்சுவார்த்தை நடந்தது.

“டிரைவரே, பக்கத்துல இருக்கிறவரைக் கேளுங்க. டிக்கெட் கவுன்ட்டரை ஏன் சாத்தி வெச்சிருக்கு? ஒரு மாசமா வர்றவன் போறவனெல்லாம் சும்மா உள்ள வர்றான்.”

டிரைவர் பெருமூச்சு விட்டுத் திரும்பினார். “கேட்டுச்சா, இல்ல நான் திருப்பிச் சொல்லணுமா?”

“கேட்டுச்சு. வருஷக் கடைசியில கவுன்ட்டர் அப்படித்தான் இருக்கும்னு சொல்லுங்க” என்றார் பொருளாளர்.

“நமக்குக் காசு வந்தா அலர்ஜி” என்றார் பல் டாக்டர். “நம்ம ஆட்டத்தைப் பார்க்கறதுக்கு அவங்களுக்குத்தான் நாம குடுக்கணும். மனசாட்சி உள்ள ஆளு, அதான் சும்மா விடுறாரு.”

“டாக்டர், உங்க ஆஸ்பத்திரியிலயும் கடைசி மாசம் பல்லு சும்மா புடுங்குவீங்களா?”

“உங்க பஸ்ஸுல ஏறினா தானா விழுந்துரும், நான் எதுக்கு?”

வரிசையே சிரித்தது. சர்வேயர் சிரிக்கவில்லை. அப்பா கொடுத்த இடத்தில் ஜனங்கள் காசு கொடுக்காமல் நுழைவது அவருக்குச் சத்திரத்துக்குள் நுழைவதுபோல் பட்டது.

இடைவேளையில் பிஸ்கட் டப்பா வந்தது. வரி ஆண்டின் கடைசிச் சனிக்கிழமை நடக்கும் வழக்கம் அது. அந்த வருட நஷ்டம் எவ்வளவு என்று அவரவர் ஊகத்தைப் பழைய டிக்கெட்டின் பின்னால் எழுதி டப்பாவில் போட வேண்டும். கணக்கு ஒட்டியதும் டப்பாவைத் திறப்பார்கள். யாருடைய ஊகம் நெருங்கி வருகிறதோ அவருக்கு அடுத்த வருடம் முழுக்க உட்காரக் கிளப்பின் ஒரே மெத்தை. மற்றவர்களுக்கு வெறும் பலகை.

“நான் நாற்பதாயிரம்” என்றார் டிரைவர்.

“சத்தமா சொல்லாதீங்க, அடுத்த ஆளு அதைவிடப் பெருசா நஷ்டப்படுவான்” என்றார் பல் டாக்டர்.

சர்வேயர் ஒரு டிக்கெட்டை வாங்கி, நிதானமாக எழுதி, மடிக்காமல் எல்லோருக்கும் தெரியும்படி டப்பாவில் போட்டார். ‘நஷ்டம் இல்லை’ என்று எழுதியிருந்தது.

பல் டாக்டர் குனிந்து பார்த்தார். “தலையில பாதியோட சேர்ந்து வேற எதையும் சலூன்ல விட்டுட்டு வந்துட்டீங்களா?”

“பார்க்கத்தானே போறீங்க” என்றார் சர்வேயர்.

மறுநாள் காலை டிரைவரையும் டாக்டரையும் வீட்டுக்கு வரவழைத்தார். ஒன்பது மாதத்து இடைக்கணக்கு பலகையில் இருந்தது. மீதி மூன்று மாதத்தை அவரே போட்டுப் பார்த்திருந்தார். நிலம் அளந்த மனிதர், கூட்டல் தவறவில்லை. அந்தத் தொகைக்கு மேலே ஒரு கைப்பிடி சேர்த்து, வரி ஆண்டு முடிவதற்குள் கிளப்பின் கணக்கில் ஏற்றிவிட வேண்டும் என்றார். தன் வீட்டு மாடியைப் பழுது பார்க்க வைத்திருந்த வைப்புத் தொகையை முறிப்பதாகச் சொன்னார். டிரைவர் தன் பங்காக ஒரு மாதச் சம்பளம் என்றார். டாக்டர் கொஞ்ச நேரம் கேலி பேசிப் பார்த்துவிட்டு, பிறகு அவரும் ஒரு தொகை சொன்னார்.

“அப்ப நன்கொடைன்னு ரசீது போட்டுக் குடுத்துரலாம்” என்றார் டிரைவர்.

“நன்கொடையா?” சர்வேயரின் முதுகு நிமிர்ந்தது. “என் அப்பா குடுத்த இடத்துக்கு நான் நன்கொடை போடறதா? அக்கரைக்காரன் என்ன சொல்லுவான்? உண்டியல் குலுக்கி நஷ்டத்தை மூடினாங்கம்பான். கிளப் சம்பாதிச்ச காசாத் தெரியணும். டிக்கெட் வாங்குவோம்.”

“எந்த ஆட்டத்துக்கு?”

“கடைசி நாள் திங்கட்கிழமை. ரிசர்வ் அணி ஆட்டம் இருக்கு.”

“ரிசர்வ் ஆட்டத்தை ஆடறவங்க அம்மாவே வந்து பார்க்கறதில்ல சார்.”

“டிக்கெட் வாங்கினவன் வந்துதான் ஆகணும்னு சட்டம் இல்ல.”

அன்று மாலை தங்கை வந்தாள். செய்தி அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது.

“அண்ணா, அவரு சொல்லச் சொன்னாரு. வருஷம் முடியற வரைக்கும் கிளப் விஷயத்துல யாரும் எதுவும் செய்ய வேண்டாமாம்.”

“ஏன்னு சொன்னாரா?”

“அதெல்லாம் என்கிட்ட எங்க சொல்றாரு? நாளைக்குக் கண்ணு ஆபரேஷன், அந்தக் கவலையில இருக்காரு. நீங்களே ஒரு போன் போட்டுக் கேட்டுருங்களேன்.”

“பேரைக் கழற்றச் சொன்னவரு, இப்ப நஷ்டமும் கழிய வேண்டாம்கிறாரு. அவரு கண்ணை அவரு பார்த்துக்கட்டும், கிளப்பை நான் பார்த்துக்கறேன்.”

தங்கை வாசலில் சற்று நின்றாள். அண்ணனையும் கணவனையும் பதினொரு வருடமாகச் சுமந்து அலுத்தவள். செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை பொருளாளர் கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். புல் வெட்டுகிற மைதானக்காரரைக் கூப்பிட்டு சர்வேயர் கவுன்ட்டரைத் திறக்க வைத்தார். ஆயிரத்து அறுநூறு டிக்கெட். மைதானம் கொள்வதே தொள்ளாயிரம் பேர். டிக்கெட் புத்தகம் தீர்ந்துபோய், அலமாரியிலிருந்து பழைய புத்தகங்களை எடுத்து வந்தார்கள். கிழித்துக் கிழித்து மைதானக்காரரின் கட்டைவிரல் சிவந்துவிட்டது. “இதைவிட மைதானம் முழுக்கப் புல்லைக் கையால புடுங்கலாம் போல” என்றார். மூன்று மணிக்கு முன்பாகவே சர்வேயர் பணத்தை வங்கியில் கட்டி, முத்திரை விழுந்த ரசீதை இரண்டு முறை படித்துப் பார்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆட்டத்தை நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். கிளப் ஒரு கோலும் போடவில்லை. ஆனாலும் சர்வேயர் கேலரியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா இருந்திருந்தால் தோளில் ஒரு தட்டுத் தட்டியிருப்பார் என்று நினைத்தார்.

எட்டாம் நாள் காலையில் வாசலில் பொருளாளர் நின்றார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பக்கத்தில் தங்கை இல்லை, டிரைவரும் இல்லை.

“மச்சான்” என்றார்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு வந்த அந்தச் சொல்லைக் கேட்டதும் சர்வேயர் கதவை முழுதாகத் திறந்தார். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார், அல்லது நன்றி சொல்ல. எதுவானாலும் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும்.

“உள்ள வாங்க மாப்பிள்ளை.”

“எத்தனை டிக்கெட் வாங்குனீங்க?”

“ஆயிரத்து அறுநூறு” என்றார் சர்வேயர், ஒவ்வொரு சொல்லாக.

பொருளாளர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண் இன்னும் சிவந்திருந்தது.

“சின்னக் கிளப்புக்கு மைதானத்து நிலவரி கிடையாது மச்சான். சின்னக் கிளப்புன்னா யாருன்னு அவங்க ஒரு அளவு வெச்சிருக்காங்க. வருஷத்துல டிக்கெட் வித்த பணம் ஒரு வரம்புக்குள்ள இருக்கணும். தாண்டினா அது வியாபாரம். ஒரே ஒரு வருஷம் தாண்டினாலும் சலுகை போயிரும், திரும்ப வராது. நாம வரம்பை ஒட்டித்தான் எப்பவும் நடந்தோம். கடைசி மாசம் கவுன்ட்டரை ஏன் சாத்தினேன்னு நினைக்கிறீங்க?”

சர்வேயர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நம்ம மைதானத்தைச் சுத்தி இப்ப என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். பத்து மாடி, பன்னிரண்டு மாடி. அந்த விலையில வரி போடுவாங்க. ஒரு வருஷத்து வரியைக் கட்ட நாம முப்பது வருஷம் ஆடணும்.”

“பணத்தைத் திருப்பி எடுத்துட்டா?”

“வருஷம் முடிஞ்சிருச்சு.”

“இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“வெளிய தெரிஞ்சா, வேணும்னே கதவைத் திறந்து விடறாங்கன்னு எவனாவது எழுதிப் போடுவான். உங்ககிட்ட சொல்லியிருப்பேன். நம்பி உங்ககிட்ட மட்டும் சொல்லியிருப்பேன்.” பொருளாளர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். “நன்கொடைன்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா வரம்புல சேராது மச்சான். உண்டியல்ல போட்டிருந்தாக்கூடப் போதும்.”

மனைவி கொண்டு வந்து வைத்த தேநீர் இரண்டு கோப்பையிலும் ஆறியது.

மறுநாள் இருவரும் வரி அலுவலகத்துக்குப் போனார்கள். மூன்றாம் மாடியில், கோப்புகளுக்கு நடுவே இருந்த அதிகாரி மரியாதை தெரிந்த பெண். பெரியவர்கள் என்று நாற்காலி போடச் சொன்னாள். முழுவதும் கேட்டாள்.

“ஒரு வழி இருக்கலாம் சார். உறுதியாச் சொல்ல முடியாது. டிக்கெட் வாங்கினவரே, நான் ஆட்டம் பார்க்கறதுக்காக வாங்கல, கணக்குல நஷ்டம் தெரியாம இருக்கறதுக்காக வாங்கினேன், இது உண்மையில நன்கொடைதான்னு எழுதிக் குடுக்கணும். மேல அனுப்பிப் பார்க்கறேன்.”

“எழுதினா அது யார் யாரு பார்ப்பாங்க?”

“கிளப் கோப்புல சேரும். கேட்கறவங்க பார்க்கலாம்.”

பொருளாளர் மைத்துனரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். “நான் எழுதிடறேன் மச்சான். பொருளாளர்ங்கிற முறையில.”

“வாங்கினது நான்.”

சர்வேயர் பேனாவைத் திறந்தார். முப்பத்தாறு வருட வேலையில் பொய்யான அளவு எதற்கும் கையெழுத்துப் போடாதவர். வாங்கியது விளையாட்டுப் பார்ப்பதற்காக அல்ல என்று எழுதினார். கணக்கை வேறு மாதிரிக் காட்டுவதற்காக என்று எழுதினார். கீழே தன் பெயரை எழுதும் முன், படிவம் கேட்டபடி, இன்னாரின் மகன் என்று அப்பாவின் பெயரை எழுத வேண்டியிருந்தது. அந்த இடத்தில் பேனா சற்று நின்றது. பிறகு எழுதினார். கேலரியின் நெற்றியில் இருந்த அதே பெயர், இங்கே ஒரு குற்ற ஒப்புதலின் அடியில் சின்ன எழுத்தில் உட்கார்ந்தது.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. எண்ணிட்ட டிக்கெட்டுகள் முறைப்படி விற்கப்பட்டுள்ளன. குறிப்பிட்ட நாளில் ஆட்டம் நடந்துள்ளது. எனவே மனு ஏற்கப்படவில்லை.

“நடந்துச்சா அது?” என்றார் டிரைவர், கடிதத்தைப் படித்துவிட்டு. “அதை ஆட்டம்னு ஒத்துக்கிட்ட முதல் ஆளு வரி ஆபீஸ்தான்.” யாரும் சிரிக்காததால் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டார்.

அந்த வருடக் கணக்கைப் பொருளாளர் வழக்கம்போல் பலகையில் ஒட்டினார். முப்பத்தோரு வருட நஷ்டத்துக்குப் பிறகு முதல் முறையாக, கடைசி வரியில் லாபம் என்று இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, நிலத்தை அளந்து மதிப்பிட்டு வரிக்காக ஏலம் விடும் அறிவிப்பும் ஒட்டியிருந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. பல் டாக்டர் மெத்தையை எடுத்து வந்து சர்வேயரின் இடத்தில் போட்டார். சர்வேயர் அதை எடுத்துக் காலியாக இருந்த வரிசையில் வைத்துவிட்டுப் பலகையில் உட்கார்ந்தார்.

அளப்பதற்கு வந்த நாளில் சலூன்காரரும் வேலிக்கு வெளியே வந்து நின்றார். மனு விஷயம் அக்கரை முழுக்கத் தெரிந்திருந்தது. இன்று என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று சர்வேயர் அவரிடம் போனார்.

“சொல்லுங்க” என்றார்.

சலூன்காரர் தலையைச் சொறிந்தார். “எங்க ஆளுங்க வேற இந்த வருஷம் கீழ்ப் பிரிவுக்கு எறங்குறாங்க. அங்க நீங்க இருக்கீங்க, உங்களையாவது ஜெயிக்கலாம்னு இருந்தோம்.” பிறகு அவருடைய இடது காதுப் பக்கம் பார்த்தார். “கடைக்கு வாங்க. மிச்சத்துக்குக் காசு ஏற்கெனவே குடுத்துட்டீங்க.”

கேலி செய்திருந்தால் தாங்கியிருக்கலாம். சர்வேயர் தலையசைத்துவிட்டு நகர்ந்தார்.

அரசாங்க அளவையாளர் நடுவயதுக்காரர். நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் கேட்டார். பொருளாளர் பிடித்துக்கொண்டார். கிழக்கு, தெற்கு, மேற்கு முடிந்தது. வடக்கே வேலி வரை வந்து, பத்திரத்தில் உள்ள அளவு சரியாக இருக்கிறதென்று அளவையாளர் எழுதப் போனார்.

“அங்க இல்ல” என்றார் சர்வேயர்.

“என்னங்க?”

“வேலி அப்புறமா போட்டது. எல்லைக் கல்லு இன்னும் வெளிய இருக்கு.”

வேலியைத் தாண்டிப் போனார். சர்வேயருக்கு முழங்கால் வலி உண்டு. ஆனாலும் மண்டியிட்டு, புல்லை விலக்கி, கையால் மண்ணைத் தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் கல் தெரிந்தது. ஆலையின் குறி அதன் தலையில் செதுக்கியிருந்தது. வேலிக்கு அப்பால் நான்கு அடி.

பொருளாளர் நாடாவை விட்டுவிட்டு ஓடி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மச்சான், என்ன வேலை பார்க்குறீங்க? பத்திரத்துல இல்லாத நாலு அடி. அதுக்கும் சேர்த்து வரி போடுவாங்க. பேசாம மண்ணைத் தள்ளி மூடுங்க.”

“அப்பா பத்திரத்துக்கு மேல நாலு அடி விட்டுக் குடுத்தாரு. பந்து வெளிய போனா எடுக்க எடம் வேணும்னு சொன்னாரு. எனக்கு அப்ப இருபத்து மூணு வயசு. கல்லு நட்டது நான்தான்.”

“போகப் போற எடம், மச்சான். முழுசாவே போகப் போகுது.”

“போகட்டும். கம்மியாப் போகக் கூடாது.”

அளவையாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மண் ஒட்டிய கையோடு சர்வேயர் எழுந்து, அளவையாளர் வேலியடியில் வைத்திருந்த நாடா முனையைத் தானே எடுத்து, கல்லின் நட்ட நடுவில் வைத்து அழுத்திப் பிடித்தார். முனை நழுவாதபடி, தளர விடாதபடி, வேலை பார்த்த காலத்தில் பிடித்ததுபோலவே பிடித்தார்.

“எழுதிக்குங்க” என்றார்.

பொருளாளர் திரும்பி நடந்து, மறு முனையைக் கையில் எடுத்து, நாடா விறைக்கும் வரை இழுத்தார்.